அரை ஸ்பூன் பொடி, ஒரு டம்ளர் தண்ணீர்



இந்தத் தடவை வத்தல், வடாம் விஷயம் எதுவும் எழுதப் போவதில்லை. வேதியியல் பாடம் எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்! "பத்தாவதோடு புஸ்தகத்தை மூடினவள் நீ, உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். ஆனால் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால், தாய்மார்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்தான் என்று நீங்களே சொல்வீர்கள்.

எங்கள் தெருவில் குடியிருக்கிறார், என் பெண் படிக்கும் பள்ளியின் அறிவியல் டீச்சர். பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, உங்க ஓரகத்தி பையனுக்கு டயப்பர் வாங்குவீங்கல்ல? எனக்கு ரெண்டு வேணும், புதுசு" என்றார். அந்தப் 'புதுசு'வை அவர் அழுத்திச் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் பாடம் நடத்தவாம். "நீங்களும் வாங்கக்கா. நாப்பது பிள்ளைங்களை நான் ஒருத்தியா மேய்க்க முடியாது" என்று என்னையும் கூப்பிட்டார். சமையலை முடித்துவிட்டு நானும் போனேன்.

டீச்சர் முதலில் டயப்பரைக் கத்தரிக்கோலால் நறுக்கி, உள்ளே இருந்த பஞ்சைப் பிய்த்து ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டிக் குலுக்கினார். பையின் அடியில் சர்க்கரையைப் பொடித்த மாதிரி வெள்ளையாக ஏதோ தங்கியது. பையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தத் தூள் மூக்கிலும் கண்ணிலும் போகக் கூடாதாம். அதில் அரை ஸ்பூன் எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு, கேன் தண்ணீரை ஊற்றினார். பத்து எண்ணுவதற்குள் டம்ளரைத் தூக்கித் தன் தலைக்கு மேலேயே கவிழ்த்தார்! பெண்களெல்லாம் 'ஐயோ மிஸ்' என்று கத்தினார்கள். ஒரு சொட்டு விழ வேண்டுமே! தண்ணீர் முழுவதும் ஊறின ஜவ்வரிசி மாதிரி கெட்டியாகி டம்ளரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு ஸ்பூன் உப்பை அதன் மேல் தூவிக் கிளறினார். கொஞ்ச நேரத்தில் கஞ்சிப் பதம் வந்தது. இன்னும் கொஞ்சம் கிளறியதும் தளதளவென்று தண்ணீராய் ஓடியது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்த தண்ணீரை ஒரு ஸ்பூன் உப்புக்குப் பயந்து விட்டுவிட்டதே என்று இருந்தது எனக்கு.

டீச்சர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். அந்தப் பொடிக்குப் பெயர் சோடியம் பாலி அக்ரிலேட். 'பாலி' என்றால் பல. ஒரே மாதிரிச் சின்னத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு நீளச் சரமாக ஆனது. மல்லிகைச் சரம் மாதிரி என்று வையுங்கள். அந்தச் சரங்களை அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வலையாக்கியிருக்கிறார்கள். முடிச்சு இல்லாவிட்டால் சரம் தண்ணீரில் கரைந்தே போய்விடும், முடிச்சு இருப்பதால்தான் கரையாமல் ஊதுகிறது. சரம் நெடுகிலும் எதிர் மின்சாரம். அதைச் சமன் செய்ய சோடியம் அயனிகள் பக்கத்திலேயே காவல் இருக்கும். தண்ணீர் பட்டதும் சோடியம் கரைந்து தளர, சரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிய, உள்ளே இருக்கும் அந்த உப்பை நீர்க்கச் செய்ய வெளித்தண்ணீர் ஓடி வருகிறது. வெளியிலேயே உப்பைக் கொட்டிவிட்டால்? உள்ளே வர வேண்டிய அவசியம் தண்ணீருக்கு இல்லை. உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே கிளம்பிவிடும். மாங்காயில் உப்புப் பிசிறி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறதே, அதற்குத் தூரத்துச் சொந்தம் இது.

இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது என்று, பத்துப் பெண்களைக் கை கோத்து நிற்க வைத்தார் டீச்சர். நடுவில் நாலு பேர் 'தண்ணீர்'. அப்படியே விரியச் சொன்னார், சுருங்கச் சொன்னார். வகுப்பே கும்மியடித்த மாதிரி இருந்தது. நான் படித்த காலத்தில் 'பலபடி' என்ற வார்த்தையைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இப்படி ஒருத்தர் கை கோத்து நிற்க வைத்திருந்தால் நானும் இன்னும் இரண்டு வகுப்பு படித்திருப்பேனோ என்னவோ.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், எங்க வீட்டு போர் தண்ணி கரிக்குமே, அதுல பண்ணா?" என்றாள். சபாஷ்! உடனே பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வரச் சொன்னார். எங்கள் ஊர்த் தண்ணீரின் லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. குளித்தால் சோப்பு நுரைக்காது. அதே அரை ஸ்பூன், அதே டம்ளர். கேன் தண்ணீர் கட்டியானது, போர் தண்ணீர் கூழாகவே நின்றது, கவிழ்த்தால் கொட்டியிருக்கும். கரிப்பு மட்டும் காரணமில்லையாம். கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியம் இரண்டு சரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரியவே விடாதாம். பிள்ளைகள் அன்றைக்கே நாலைந்து வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டு வருவதாகத் திட்டம் போட்டுவிட்டார்கள். கேள்வி அவர்களிடமிருந்து கிளம்பியதால்தான் அந்த உற்சாகம்.

இன்னொரு பெண் தயங்கித் தயங்கி, "நாப்கின்லயும் இதுதானா மிஸ்?" என்று கேட்டாள். குசுகுசுவென்று ஒரே சிரிப்பு. டீச்சர் முகம் சுளிக்காமல், "ஆமாம், இப்ப வர்ற நிறைய நாப்கின்ல இது இருக்கு" என்று பதில் சொன்னார். அப்போதுதான் எனக்கு டெலிவிஷன் விளம்பரம் ஞாபகம் வந்தது. நீலத் தண்ணீரை ஊற்றி, மேலே ஈரமே இல்லை என்று காட்டுவார்களே! குழந்தையின் சிறுநீர் வெறும் தண்ணீரா? அதில் உப்பு இருக்கிறது. சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு பிடிக்கிற பொடி, நம் உடம்பின் உப்பு அளவுள்ள தண்ணீர் என்றால் சுமார் 30 முதல் 50 மடங்குதான் பிடிக்கும். ரத்தம் இன்னும் கெட்டி, இன்னும் கஷ்டம். ஆகவே இளந்தாய்மார்களே, 'ஒண்ணு போட்டா விடிய விடியத் தாங்கும்' என்பதை நம்பிக் குழந்தையை அப்படியே விட்டுவிடாதீர்கள். பகலில் மூன்று நான்கு மணிக்கொரு தடவை மாற்றுங்கள். மலம் போனால் அந்த நிமிஷமே மாற்றுங்கள். டயப்பரையும் நாப்கினையும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், அந்தக் குழாய்க்குள் இந்தப் பொடி என்ன செய்யும் என்று ஒரு டம்ளரில் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பொடியின் பூர்வீகம் அமெரிக்கா. இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில் அரசாங்க விவசாய ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் மக்காச்சோள மாவிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் பொருளை உண்டாக்கினார்கள். 1970களில் அதற்கு 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று வேடிக்கையாகப் பெயர். 1980களில்தான் இந்த இனப் பொடிகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டயப்பருக்குள் நுழைந்தன. நம் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் பயிருக்காக 'பூசா ஹைட்ரோஜெல்' என்று ஒன்று செய்திருக்கிறது. மண்ணில் கலந்தால் வேர்ப்பக்கம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். டீச்சர் இதைச் சொன்னதும், தாத்தா வீட்டில் கடலை போட்டிருக்கும் பெண் ஒருத்தி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

இதுவரை நல்ல கதை. இனிமேல்தான் கேளுங்கள்.

அறிவியல் கண்காட்சி வந்தது. டயப்பர் பொடி வெள்ளையாக இருக்கிறது, பார்க்க அழகாக இல்லை என்று என் பெண்ணுக்கு ஒரு குறை. ஃபேன்சி கடையில் கலர் கலராய் ஜெல் மணி விற்கிறதே, தண்ணீரில் போட்டால் கண்ணாடிக் கோலி மாதிரி ஊதுமே, அது வேண்டும் என்றாள். டீச்சர் அதைச் சொல்லவில்லை. காசு எடுத்துக் கொடுத்தவள் நான்தான். பொட்டலத்தில் நூற்றுக்கணக்கில் மணிகள். ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, மிளகைவிடச் சின்னது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய்ப் பார்த்தால் ஜீரக மிட்டாயேதான்!

எங்களுடையது கூட்டுக் குடும்பம். ஓரகத்தியின் பையனுக்கு அப்போது பதினாலு மாதம். தத்தக்கா பித்தக்கா என்று நடந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் வயசு. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். கூடத்தில் பெண் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, கிண்ணம் எடுக்க எழுந்து போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் பையன் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறான். தரை முழுவதும் மணி. ஓரகத்தி பாய்ந்து வந்து அவன் வாயில் விரலை விட்டு ஒரு சிவப்பு மணியை எடுத்துவிட்டாள். "அக்கா, ஒண்ணு எடுத்துட்டேன். உள்ளே எத்தனை போச்சோ தெரியலியே அக்கா!" என்று அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் சிந்திக் கிடந்ததில் எதை எண்ணுவது?

மாமியார், "வாழைப்பழம் கொடுங்கடி, தன்னால வெளியே வந்துடும்" என்றார். அந்தக் காலத்தில் காசு முழுங்கினால் அப்படித்தானே செய்தார்கள், பாவம். என் பெண் நடுங்கிக்கொண்டே என் புடவையைப் பிடித்து, "அம்மா, உப்பு போட்டா சுருங்கிடும்னு மிஸ் காட்டினாங்களே. கொஞ்சம் உப்புத் தண்ணி குடுத்துடலாமா?" என்றாள். ஒரு நிமிஷம் எனக்கும் அது சரி என்றே பட்டது. கண்ணாலேயே பார்த்தேனே, டம்ளரில்! கை உப்பு ஜாடி வரைக்கும் போய்விட்டது. எது தடுத்ததோ, "முதல்ல டாக்டர்கிட்ட போவோம்" என்று பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்த்ததுமே முகம் மாறினார். "உப்புத் தண்ணி எதுவும் குடுக்கலியே?" என்றுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் மூச்சு விட்டார். சின்னக் குழந்தைக்கு உப்பைக் கரைத்துப் புகட்டினால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பே வந்துவிடும், உயிருக்கே ஆபத்து என்றார். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாதாம். வயிற்றில் இருக்கிற உப்பிலும் அமிலத்திலும் மணி டம்ளரில் ஊதுகிற அளவு ஊதாதுதான். ஆனால் அவ்வளவு சின்னக் குடலை அடைக்க அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லையே! தொடர்ந்து வாந்தி, வயிறு உப்பல், பால் குடிக்க மறுப்பது, மலம் போகாமல் இருப்பது எல்லாம் அடைப்பின் அடையாளம். ஆனால் அவை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று சொல்லி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்துவிட்டால் தெரிந்துவிடுமே என்றார் கொழுந்தனார். தெரியாதாம். ஊறின மணி பெரும்பாலும் தண்ணீர்தானே, எக்ஸ்ரேயில் நிழலே விழாது. ஸ்கேனில்தான் தேட வேண்டும்.

ஸ்கேனில் ஒன்றும் தென்படவில்லை. இருந்தாலும் ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஓரகத்தியும் கொழுந்தனாரும் அங்கே தங்க, நான் வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வந்தால்தானே! நானும் பெண்ணும் விளக்குமாற்றையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு கூடத்தில் மணி பொறுக்கினோம். பீரோவுக்கு அடியில், பாய்ச் சுருளுக்குள், ஆட்டுக்கல் பக்கத்தில் என்று எங்கேயெல்லாமோ! பெண் வாயே திறக்கவில்லை. ஒரு மணியை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டு மேடை மேல் வைத்தேன். பதினோரு மணிக்குப் பட்டாணி அளவு. விடிகாலை எழுந்து பார்த்தால் அரைநெல்லிக்காய். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பையன் அடுத்த நாள் சாதாரணமாகப் பால் குடித்தான், வயிறும் போனது. இரண்டாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அவன் எதையுமே விழுங்கவில்லை போலிருக்கிறது. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 2023-ஆம் வருஷம் பத்து மாதக் குழந்தை ஒன்று இந்த மணியால் இறந்து, அந்த விளையாட்டுப் பெட்டியையே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்த வருஷக் கடைசியில் அங்கே பெரிய கடைகள் சில, இதைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாக விற்பதையே நிறுத்திக்கொண்டன. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து மணியை எடுத்த குழந்தைகள் பல. காதிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வதும் உண்டு. அப்போது சொட்டு மருந்து விட்டால் அதையும் குடித்துவிட்டு ஊதும். பூச்சாடி அலங்காரத்துக்கு, செடிக்கு என்று வேறு பெயரிலும் இதே மணி விற்கிறது, கவனியுங்கள். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். பொட்டலத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, அவர்தான் தன்னையே நொந்துகொண்டார். "சுருங்கும்னு காட்டினேன் அக்கா. அது டம்ளர்ல மட்டும்தான், உடம்புக்குள்ள இல்லைன்னு சொல்லாம விட்டுட்டேனே" என்றார். இந்தப் பாடத்தையே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன் நான். நாற்பது பெண்கள் கண்ணில் அன்றைக்குப் பார்த்த வெளிச்சத்தை ஒரு பொட்டலத்துக்காக அணைப்பதா? இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். மணியே வேண்டாம், பொடி மட்டும். அதையும் டீச்சர் கையாலேயே அளந்து கொடுப்பது, மிச்சத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு போகாமல் அங்கேயே திரும்ப வாங்கிவிடுவது. பாடம் முடிந்ததும் எல்லாம் குப்பைக் கூடைக்கு, கழுவு தொட்டிக்கு இல்லை. கீழே சிந்தினால் முதலில் பெருக்கி எடுக்க வேண்டும். ஈரத்துணியால் துடைக்கப் போய் தலைமையாசிரியையே வழுக்கப் பார்த்தாராம்!

சின்ன வகுப்புகளுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். நம் அடுக்களையிலேயே இல்லாததா? பாதாம் பிசின் நாலு கட்டியை ராத்திரி ஊறப் போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்துவிடும். சப்ஜா விதை கால் மணி நேரத்தில் கண் முழியாட்டம் ஆகும். இவையும் தண்ணீரைப் பிடிக்கும் சரங்கள்தான், மரமும் செடியும் கோத்தவை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சர் இதைத்தான் செய்து காட்டினார். ஊறுவதற்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னார். உப்புப் போட்டால் டயப்பர் பொடி மாதிரி ஒரேயடியாக ஓடவில்லை. ஏன் என்று யோசிக்கும்படி விட்டுவிட்டார். கடைசியில் ரோஸ்மில்க்கில் போட்டுக் கொடுத்தோம். ஊறாத விதையைக் குழந்தைகள் அள்ளி வாயில் போட்டுக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் போய் ஊதும்.

கண்காட்சியில் என் பெண் மூன்று டம்ளர் வைத்தாள்: கேன் தண்ணீர், போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். பக்கத்தில் மூடி போட்டு ஒட்டிய பாட்டில் ஒன்று. அதற்குள் அந்த ராத்திரி ஊறின மணி, வெளியே அட்டையில் செலோ டேப்பால் ஒட்டிய ஊறாத மணி. 'இது ஒன்பது மணி நேரத்தில் இதுவானது. உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா?' என்று எழுதியிருந்தாள். வந்த அம்மாக்கள் டம்ளரைவிட அந்தப் பாட்டிலின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். ஒரு பாட்டி மட்டும், "இதை எதுக்கும்மா மிட்டாய் கலர்ல பண்றானுங்க?" என்று கேட்டார். என் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும்தான்.